வணக்கம் சொல்லிவிட்டுப் போன வேட்பாளர்களுக்கு

ஜார்ஜியா மாநிலத்தில் நம் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கமிஷனர் தேர்தலில் நிற்கும் நான்கு பேருக்கும்,

வணக்கம். இந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் எங்கள் பொங்கல் விழா மேடையில், சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சொன்னீர்கள். கைதட்டினோம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். மீதித் தமிழை இங்கே எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி தனியே வந்து சேரும்.

போன வியாழக்கிழமை நடந்த வேட்பாளர் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கேள்வியைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். என் சீட்டில் ஒரே வரி: எங்கள் குடியிருப்புக்கும் இந்தியன் ஸ்டோருக்கும் நடுவே விடுபட்ட நடைபாதையை எப்போது போடுவீர்கள்? ஆளுக்கு இரண்டு நிமிடம். முதலாமவர் வளர்ச்சியைத் திட்டமிட வேண்டும் என்றார். அடுத்தவர், அது மாநில அரசின் சாலையாக இருக்கும், தலைநகர் அட்லாண்டாவில்தான் கேட்க வேண்டும் என்றார். இல்லை ஐயா, அது கவுண்டி சாலை; கவுண்டியின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மூன்றாமவர் தன் பாட்டியைப் பற்றிப் பேசினார். நல்ல பாட்டி. நான்காமவர் எல்லைப் பாதுகாப்பு பற்றிப் பேசினார். ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளில் ஒன்றுகூட மெக்சிகோவைத் தொடவில்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு 72 வயது. கார் ஓட்டத் தெரியாது, இனி கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. ஊரில் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்து போய், வரும்போது கீரை வாங்கி வந்து பழகியவர். இங்கே எங்கள் குடியிருப்பின் கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் கான்கிரீட், பிரெட் துண்டை வெட்டியது போல நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் சரிந்த புல்மேடு, மழைநீர் ஓடும் பள்ளம், செம்மண். மறுபடி நடைபாதை தொடங்கும்வரை 412 எட்டு. அம்மாதான் எண்ணியிருக்கிறார். என் மகளின் பளபள மஞ்சள் ஜாக்கெட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு போவார். பிக்கப் வண்டி கடக்கும்போது காற்று தள்ளுமாம். அப்போது அஞ்சல் பெட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்ததும் செருப்பில் ஒட்டிய செம்மண்ணை கராஜ் வாசலில் உட்கார்ந்து குச்சியால் சுரண்டுவார்.

அந்த 412 எட்டு எப்படி விடுபட்டது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு கட்டும் கம்பெனி தன் நிலத்தின் முன்னால் மட்டும் நடைபாதை போடும். அடுத்த குடியிருப்புக்காரரும் அப்படியே. நடுவே விற்காமல் கிடக்கும் பழைய நிலத்துக்கு முன்னால் போட வேண்டியது யார்? நாங்கள் இருப்பது எந்த நகர எல்லைக்குள்ளும் வராத பகுதி. மேயர் கிடையாது, நகரசபை கிடையாது. எங்களுக்கு எல்லாமே கவுண்டிதான், அதாவது நீங்கள்தான்.

அந்த இரண்டு குடியிருப்புகளும் விவசாய நிலமாக இருந்து ரீசோனிங் ஆனவை, அதாவது வீடு கட்டலாம் என்று கவுண்டி வகை மாற்றிக் கொடுத்தவை. ஒரு விசாரணைக்கு நானும் போயிருந்தேன். ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று தரப்புக்குக் குறைந்தது 10 நிமிடம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது; எங்கள் தரப்புக்கு அந்தக் குறைந்தபட்சம்தான் கிடைத்தது. அதை அக்கம்பக்கத்தார் இத்தனை பேரும் பங்குபோட்டுக்கொண்டோம், கல்யாணப் பந்தியில் கடைசி அப்பளம் மாதிரி. கடந்த இரண்டு ஆண்டுகளில் கமிஷனர்களுக்கு 250 டாலரோ அதற்கு மேலோ தேர்தல் நன்கொடை கொடுத்திருந்தால் மனுதாரர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அந்தத் தாள்களை யாரும் படிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். அவ்வளவுதான் சொல்கிறேன்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் "நம் மக்கள் விரும்பமாட்டார்கள்" என்கிறீர்கள். கேட்டுப் பார்த்தீர்களா? அட்லாண்டா பக்கத்திலிருக்கும் கிளேட்டன் கவுண்டியில் 2010-இல் பஸ்ஸையே நிறுத்தினார்கள். 2014-இல் அதே மக்கள், தங்கள்மேல் ஒரு சென்ட் விற்பனை வரியைப் போட்டுக்கொண்டு, அட்லாண்டா வட்டாரத்தில் பஸ்ஸும் ரயிலும் நடத்தும் மார்ட்டாவில் சேர்ந்தார்கள். க்வின்னெட் கவுண்டியில் இதுபோன்ற பொதுப் போக்குவரத்து வரி 2019, 2020, 2024 என்று மூன்று முறை தோற்றது, உண்மைதான். ஆனால் அங்கே வாக்குச்சீட்டில் வைத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையாவது எங்களுக்குக் கொடுங்கள்.

சரி, பஸ் பெரிய விஷயம். நான் கேட்பது 412 எட்டு.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வாக்கு இல்லை. கிரீன் கார்டுக்காக வரிசையில் நிற்பவர்கள். ஆனால் வீட்டின் சந்தை மதிப்பில் 40 விழுக்காட்டின் மீது கணக்கிடப்படும் சொத்து வரி அவர்களுக்கும் ஒரு காசு குறையாமல் வருகிறது. வாக்கு உள்ளவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத முதல்நிலைத் தேர்தலுக்கு இங்கே எத்தனை பேர் வருவார்கள் என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். அதனால்தானே பொங்கலுக்கு வந்தீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். பணிவாகவே கேட்கிறேன். முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குவதற்குள், அந்த நடைபாதையைப் போடுவீர்களா மாட்டீர்களா, போடுவதென்றால் எந்த ஆண்டு பட்ஜெட்டில் என்று நான்கு பேரும் எழுத்தில் பதில் கொடுங்கள். மாட்டேன் என்றாலும் எழுதிக் கொடுங்கள், பரவாயில்லை. பாட்டி கதை மட்டும் வேண்டாம்.

இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வாருங்கள். அம்மாவே கூட்டிப் போவார். பழைய ஷூவாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள்