நெடுந்தீவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன கிழமை ஃபோனில் "அங்க பார்க்க என்னடி இருக்கு?" என்று கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. நாலு மாதமாக நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணப் பக்கம் குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். தீவு சட்டென்று கண்ணில் படாது, கடலை விட்டுத் தலை தூக்காத நிலம் இது. முதலில் பனை உச்சிகள் மட்டும் தண்ணீரில் நட்டு வைத்த மாதிரி தெரிந்தன. மாவிலித்துறையில் இறங்கி நடந்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. ஹட்டனில் வானம் இரண்டு மலைக்கு நடுவே ஒரு துண்டாகத்தானே தெரியும், இங்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வானம்தான், முதுகு சாய்க்க ஒரு மேடு கூட இல்லை. அது ஆகஸ்ட் மாதம். சோளகக் காற்று நாள் முழுக்க அடித்தது, புல் கருகி மண் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அன்று இரவு அழுதேன் என்று உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், இடிந்த வேலியை ஒரு பெரியவர் திருத்திக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். இங்கே வளவுக்கு வளவு கல்வேலிதான். சீமெந்தும் இல்லை, மண்சாந்தும் இல்லை, முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்குகிறார்கள். அவர் ஒரு கல்லை எடுத்து வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்தார், பிடிக்கவில்லை, கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். அது ஆடாமல் உட்கார்ந்தது. இடையில் இத்தனை ஓட்டை இருக்கிறதே என்று கேட்டேன். "காத்துக்கு வழி விட வேணும் பிள்ளை, இல்லாட்டி வேலி விழுந்திடும்" என்றார். கீழே கிடந்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலெல்லாம் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், ஒரு மூலையில் சிப்பி ஒன்று பாதி புதைந்து இருந்தது. ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம் அக்கா அது! அதை வைத்துத்தான் இங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி கட்டியிருக்கிறார்கள், ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல்தான், இப்போது இடிந்து நிற்கிறது. நான் நடக்கிற தரையும் அதுதான்.

அன்றிலிருந்து எதிரே பார்ப்பதை விட்டுக் கீழே பார்க்கப் பழகினேன். தண்ணீரும் கீழேதான் இருக்கிறது. மழைநீர் இந்த ஓட்டைக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறதாம். அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். எங்கள் விடுதிக் கிணற்றில் ஏறிவிட்டது. முதல் நாள் அதில் போட்ட தேத்தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. நம் தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் இரவும் பகலும் ஓடுகிற ஓடையை நினைத்துக்கொண்டேன். இங்கே பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீரைக் கூட மரத்தடியில்தான் ஊற்றுகிறார்கள்.

குதிரைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள் என்கிறார்கள். குட்டையான உருவம், யாரும் கட்டுவதில்லை, கூட்டமாகத் திரிகின்றன. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். செப்டம்பரில் நான் பார்த்தது வற்றிப்போன கேணி ஓரத்தில் தலை தொங்க நின்ற ஏழு குதிரைகள். விலா எலும்பை எண்ணலாம். ஒரு குட்டி ஈரச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தது. வறட்சிக் காலத்தில் தண்ணீர் இல்லாமல் சாகிற குதிரைகளும் உண்டு. இவற்றுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பது அவ்வளவு பெரிய காரியமா அக்கா? எனக்கு ஆறவே இல்லை.

பெருக்கமரம், புறாக்கூடு எல்லாம் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிற இடங்கள், நீ வந்தால் ஒரே மாலையில் காட்டிவிடுவேன். துறையில் மட்டும் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 1985 மே 15 அன்று இங்கிருந்து குமுதினி என்ற படகில் போனவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், ஊர் ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றுகிறது. இங்குள்ளவர்கள் கடலைப் பார்க்கிற பார்வையில் அதுவும் இருக்கிறது.

இப்போது மழை தொடங்கிவிட்டது. இரண்டு கிழமையில் சாம்பல் தரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. நம் தேயிலைப் பச்சை இல்லை, அதைவிட இளசு, கணுக்கால் உயரம்தான். பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது, குதிரைகள் அதற்குள் இறங்கி நின்று மேய்கின்றன. அந்தக் குட்டியும் இருக்கிறது, நேற்று பார்த்தேன்.

இந்தப் பச்சை காய்வதற்குள் வந்துவிடு. தை மாதம் வாடைக்காற்று இருக்கும், படகு ஆடும், பயப்படாதே. வரும்போது தோட்டத்துத் தேயிலை ஒரு பாக்கெட் கொண்டு வா. நல்லதண்ணிக் கிணறு கொஞ்சத் தூரம்தான், சைக்கிளில் போய் ஒரு கலன் எடுத்து வந்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கச்சி