மகனுக்கு, கல்லடியிலிருந்து

அன்பு மகன்,

அப்பா இப்போது சோறு சாப்பிடுகிறார். நேற்றுக் கட்டித் தயிரும் கேட்டு வாங்கினார். நீ போனில் கோல் எடுத்தபோது "சுகம்" என்றேன், அதோடு வைத்துவிட்டாய். உன் காசில்தான் எல்லாம் நடந்தது. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் அப்பாவின் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு என்ன செய்தார்கள் என்று நீ கேட்கவேயில்லை. பொறுமையாக வாசி.

நெஞ்சைத் திறந்து, உணவுக்குழாயை வெட்டி, இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பார்கள் என்றுதானே பயந்தோம்? அது தேவைப்படவில்லை. இங்கே குடற்புண்ணுக்கு வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டபோது தற்செயலாகக் கண்ட நோய்தான். கொழும்பில் அயடீன் தெளித்துப் பார்த்தார்கள். நல்ல தோல் கபில நிறமாகுமாம், அந்த இடம் மட்டும் நிறம் பிடிக்கவில்லை. பிறகு கமராக் குழாய் வழியாகவே அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றி, தோலைப் பொங்கவைத்து, மின்கத்தியால் ஒரே துண்டாக உரித்தெடுத்தார்கள். 1990களில் யப்பானில் தொடங்கிய முறையாம். வெளியே ஒரு தையலும் இல்லை.

துண்டைச் சோதித்து, நோய் மேல்தோலைத் தாண்டவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ஆழம் போயிருந்தால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கக்கூடும், அப்போது பெரிய சத்திரசிகிச்சைதான் என்றார் டொக்டர். உரித்த இடம் சுருங்கினால் பலூன் விட்டு விரிக்க வேண்டும். இடையிடையே கமரா விட்டும் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய் வருவோம், அது பெரிய காரியமில்லை.

நேரத்தோடு பார்த்ததுதான் காரணம், மகன். அப்பாவுக்கு விழுங்க ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

சித்திரைக்கு வந்தபோது நீ பிட்டுக்கு ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தாய். பிட்டு காய்ந்துவிட்டது என்று நான் சொதி ஊற்றினேன். அடுத்த நாள் சோற்றுக்கும் அப்படித்தான். உடுப்புத் தோய்க்கும்போது நெஞ்செரிவு மாத்திரை அட்டையும் கண்டேன். மேசையில் வைத்தேன், நீ ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வெற்றிலைக்குள் புகையிலை. சிகரெட்டுக்குள் இருப்பதும் அதுதானே?

வெறும் நெஞ்செரிவாகத்தான் இருக்கும். விழுங்கக் கஷ்டப்படப் பல காரணம் உண்டென்று டொக்டரும் சொன்னார். இருந்தாலும் லீவு போட்டுக் கமரா விட்டுப் பார். கட்டாரில் செலவு கூடவென்றால் இங்கே வா. எங்கே என்றாலும் சரி, பார்த்துவிடு. ரிப்போர்ட்டை என் போனுக்கு அனுப்பு. அப்பாவின் போனுக்கு வேண்டாம், பாவம், இப்போதுதான் ஒழுங்காகத் தூங்குகிறார்.

அம்மா