பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஆசிரியர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே நாலைந்து பேர் வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பார்கள். ஊசி குத்துகிறவனுக்குப் பள்ளிக்கூட டைம்டேபிளில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்களிடம் படித்து முடித்துப் போனவர்கள் இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து என் முன்னால்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான்: பி.டி. பீரியடைக் கணக்குக்கும் சயின்ஸுக்கும் கடன் கொடுப்பதை நிறுத்துங்கள்.

புதிய கோரிக்கை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மீம் போட்டுப் போட்டுச் சலித்த விஷயம். 2022-இல் விளையாட்டுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலினே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அப்புறம் காலாண்டுத் தேர்வு வந்தது, சிலபஸ் முடியவில்லை, வாரத்துக்கு இருக்கிற இரண்டு பீரியடில் ஒன்று வழக்கம்போல முக்கோணவியலுக்குப் போனது.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். என் மேஜைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரைக்காகத்தான் வருகிறார்கள். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் வெறும் வயிற்று ரத்தம். டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஊதா மூடிக் குழாயில் எடுப்பது ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி. இந்த ஊதா மூடிதான் எல்லோருக்கும் வில்லன். டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திடீரென்று ஞானம் வரும். காலையில் நடை, ராத்திரி இரண்டே சப்பாத்தி, டீயில் சர்க்கரை கிடையாது. "ஒரு வாரமா கரெக்டா இருக்கேன் சார், இந்தத் தடவை பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். சராசரி அவ்வளவு சீக்கிரம் அசையாது. சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். 5.7-க்குக் கீழே இருந்தால் நார்மல், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. ஒரு வார ஒழுக்கத்தை அந்த எண் மதிப்பதே இல்லை. பழக்கம் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13.6 கோடி. இந்த இரண்டாவது கூட்டத்துக்கு டாக்டர்கள் முதலில் எழுதித் தருவது மாத்திரையை அல்ல. "நடங்க, எடையைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள்.

நடக்கத்தான் செய்கிறார்கள், கொஞ்ச நாள். ஷூ வாங்குவார்கள். தெருநாய் துரத்தும், மழை வரும், மச்சினன் கல்யாணம் வரும், விட்டுப்போகும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரத்தம் எடுக்கும்போது கை இறுகாமல் இருக்க நான் எதையாவது பேச்சுக் கொடுப்பேன். "கடைசியா எப்ப ஓடினீங்க?" என்று கேட்டால் ஆண்கள் யோசித்துவிட்டு "ஒன்பதாவது படிக்கும்போது" என்பார்கள். பெண்கள் யோசிக்கவே மாட்டார்கள். "வயசுக்கு வந்ததுக்கு அப்புறம் எங்க சார் விளையாட விட்டாங்க?" பதினைந்து வயதில் நின்றுபோன உடம்பை நாற்பத்தைந்தில் எழுப்பி, நாளையிலிருந்து தினமும் முப்பது நிமிஷம் என்றால் அதற்கு எங்கிருந்து தெரியும்?

பி.டி. பீரியட் ஒழுங்காக நடந்திருந்தால் இவர்களுக்குச் சர்க்கரையே வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. பரம்பரை இருக்கிறது, தட்டு நிறையச் சோறு இருக்கிறது, உட்கார்ந்தே பார்க்கிற வேலை இருக்கிறது. நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டம். நூற்பாலையில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவர் என்னிடம் வருவார். பள்ளியில் வாலிபால் ஆடியவர். எல்லைக்கோடு என்று ரிப்போர்ட் வந்ததும் ஊர்ப் பையன்களோடு சாயங்காலம் நெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "ஸ்மாஷ் எல்லாம் முடியாது சார், பந்தைத் தூக்கிக் குடுப்பேன்" என்றார். இன்றைக்கும் ஆடுகிறார். அவருக்கு மன உறுதி மற்றவர்களைவிட அதிகம் என்று நான் நினைக்கவில்லை. திரும்பிப் போக அவருக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தைப் போட்டுக் கொடுத்தவர் அவருடைய டிரில் மாஸ்டர்.

இப்போது 21 நாள் கதைக்கு வருகிறேன். எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வரும். அந்தக் கணக்கு 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழக 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் எழுதினார். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அது நடைப்பயிற்சிக்கு விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து நிஜமாகவே பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில், உதாரணமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு, செய்ய வேண்டும். தானாக நடக்கும் அளவுக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்றும் கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி மெதுவாக. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

என்னிடம் வருகிறவர்களால் இந்த 66 நாளைத் தாண்ட முடியாததற்குக் காரணம், ஒரே நேரமும் ஒரே இடமும் கூட வர ஆளும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. உங்களிடம் இவை எல்லாம் இருக்கின்றன. வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல் வேலை நாள். குறித்த நேரத்துக்கு அடிக்கிற மணி. ஒரே வயதுக் கூட்டாளிகள் நாற்பது பேர். சின்னதோ பெரியதோ ஒரு மைதானம். சம்பளம் வாங்கும் ஒரு உடற்கல்வி ஆசிரியர். காசு கொடுத்து ஜிம்மில் சேர்கிறவனுக்குக்கூட இத்தனையும் சேர்ந்து கிடைக்காது. அந்தப் பிள்ளை உங்கள் கேட்டைத் தாண்டிய பிறகு வாழ்நாளில் இன்னொரு தடவை இது அமையப் போவதில்லை.

மணியின் சக்தி உங்களுக்கே தெரியும். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு நம் பள்ளிகளுக்கும் அது வந்தது. தண்ணீரின் நன்மைகள் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. (கழிவறை சரியில்லாத பள்ளியில் மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள், அது வேறு பஞ்சாயத்து.) ஜப்பானில் 1928-இலிருந்து காலையில் வானொலியில் இசை போட்டு உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள். சில நிமிஷம்தான். கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலையில் பூங்காவுக்குப் போய்ச் செய்துவிட்டு அட்டையில் முத்திரை வாங்கி வருவார்கள். அங்கே தாத்தா பாட்டிகள் இன்றைக்கும் அதே இசைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குச் சின்ன வயதில் ஏறிய அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கும்.

சரி, பீரியட் நடக்கிற பள்ளிகளில் என்ன நடக்கிறது? மாவட்டப் போட்டிக்குப் போகும் பதினைந்து பேர் பந்தோடு இருப்பார்கள். மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் ஓரமாக வளையப்பந்து ஆடினால் உண்டு. எட்டாவதுக்கு மேல் அதுவும் இல்லை, "வெயில்ல எதுக்கு, க்ளாஸ்லயே இரு". பி.டி. சார் இலவச சைக்கிளை எண்ணிக்கொண்டோ, தாமதமாக வந்தவர்களை கேட்டில் நிறுத்திக்கொண்டோ இருப்பார். கோப்பை ஜெயிக்கும் பிள்ளைக்கு உங்கள் பி.டி. பீரியட் தேவையே இல்லை, அவன் எப்படியும் ஓடுவான். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகத்தான் அந்த பீரியடே.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். ஹோம்வொர்க் எழுதவில்லையா, கிரவுண்டைப் பத்து ரவுண்டு ஓடு. பேசினாயா, தோப்புக்கரணம் போடு. ஓடுவது தண்டனை, உட்கார்ந்து எழுதுவது நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று பத்து வருஷம் உடம்புக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நாற்பது வயதில் டாக்டர் ஓடச் சொன்னால் மனசு முறைக்காமல் என்ன செய்யும்? ஒன்றும் செலவில்லை, ஒரே ஒரு சர்க்குலர் போதும்: ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது, தினமும் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்க அசைய வேண்டும் என்று. வாரத்துக்கு 420 நிமிஷம். நாற்பது நிமிஷ பீரியட் இரண்டும் முழுசாக நடந்தாலே 80 நிமிஷம்தான். அதிலும் கடன் கொடுத்தால் மிச்சம் என்ன? உலக அளவில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் இந்த அளவைத் தொடவில்லை என்று அதே நிறுவனத்தின் ஆய்வு 2019-இல் சொன்னது. எல்லா நாட்டிலும் இதுதான் நிலைமை என்று இதில் நாம் ஆறுதல் தேடிக்கொள்ள முடியாது.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் நெருங்கினால் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளும் என் மேஜைக்கு வரத் தொடங்குவார்கள். தலைவலி, தலைசுற்றல், எந்நேரமும் அசதி. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருப்பார். சில பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கும், மருந்தில் சரியாகிவிடும். மற்ற சிலருக்கு ரிப்போர்ட் முழுக்க நார்மல் என்று வரும், அம்மாவின் முகம் இன்னும் வாடும். "ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் படிக்கிறா, நாலரைக்கு எழுப்பி விடுறேன், ஏழரைக்கு ஸ்பெஷல் க்ளாஸ்." இந்த வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். படித்தது மண்டையில் நிற்பதே தூக்கத்தில்தான். உடம்பு அசைந்தால் பதற்றமும் மனச்சோர்வும் குறையும், தூக்கமும் வரும். இவையெல்லாம் மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட விஷயங்கள். அப்படியிருக்க, பதற்றம் உச்சத்தில் இருக்கும் இரண்டு வகுப்புகளுக்குத்தான் நாம் விளையாட்டைச் சுத்தமாக நிறுத்துகிறோம். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-ஐ நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், கட்டாயம் ஒட்டுங்கள். ஆனால் அதை ஒட்டிவிட்டு மைதானத்தைப் பூட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ரிசல்ட் வந்த மறுநாள் சதவீதம் குறைந்தது ஏன் என்று கேட்டு மீட்டிங் போடுவார்கள். கோ-கோவில் எத்தனை பேர் மூச்சு வாங்கினார்கள் என்று கேட்டு எந்த அதிகாரியும் மீட்டிங் போடுவதில்லை. பெற்றோர்களாகிய நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் போன் போடுகிறவர்கள், மாசக் கணக்கில் வகுப்பைவிட்டு எழுந்திருக்காமல் இருந்தால் போன் போடுவதில்லை.

அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஜூனில் டைம்டேபிள் போடும்போது பி.டி. பீரியடை மதியம் இரண்டு மணி வெயிலில் வைக்காதீர்கள். முதல் பீரியட் அல்லது கடைசி பீரியட். பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் அரையாண்டுக்குப் பிறகும் அது தொடரட்டும். பெண்களுக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது மைதானம் முழுசாகக் கிடைக்கட்டும். கிரவுண்டே இல்லாத பள்ளி என்றால் வராந்தாவில் ஸ்கிப்பிங் கயிறு போதும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பே சேர்ந்து பத்து நிமிஷம் நடந்தாலும் போதும். சாப்பிட்டதும் நடந்தால் ஏறுகிற சர்க்கரை மட்டுப்படும், இது ஆசிரியர்களுக்கும் சேர்த்து. அணியில் இல்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும், படிப்பு முடிந்து ஊரில் இருந்தாலும் ஆடக்கூடிய ஒரு விளையாட்டைப் பிளஸ் டூ முடிப்பதற்குள் பி.டி. சார் கற்றுக் கொடுத்துவிடட்டும். அவரிடமிருந்து சைக்கிள் எண்ணும் வேலையை வாங்கி வேறு யாருக்காவது கொடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. பி.டி. பீரியட் நடந்தால் வகுப்புத் தலைவர் அதில் தேதி போட்டு எழுதட்டும். வேறு பாடத்துக்குப் போயிருந்தால் எந்தப் பாடம், எந்த ஆசிரியர் என்று எழுதட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ கூடும்போது அதை மேஜையில் வையுங்கள். "பரீட்சை நேரத்தில் ஏன் விளையாட விட்டீர்கள்" என்று எந்தப் பெற்றோராவது சண்டைக்கு வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் லேப் கிடையாது. ஊதா மூடிக் குழாயோடு வந்து நானே பேசுகிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்