அத்தை போனுக்கு எந்த பேக்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அம்மா, அதாவது என் அத்தை போனுக்கு எந்த ரீசார்ஜ் பேக் போடலாம் என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன், மூன்றாவதில் பாதி உன் பனியன் கம்பெனி மெஷின் சத்தம்தான். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரி சரி, நீயே பார்த்துப் போட்டுவிடு" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன், டீ குடிக்கப் போகும்போது பொறுமையாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. நாலு நாளாக மழை. பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், விசைப்படகு ஒன்றும் போகவில்லை, உன் அண்ணனும் வத்தையைக் கரையேற்றிக் கட்டிவிட்டார். படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கு எழுதவே ஒன்றும் இல்லை, இந்தக் கடிதம் நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம். பாம்பன் புது ரயில் பாலத்தை உன் பிள்ளைகள் இன்னும் பார்க்கவில்லை என்று அத்தை குறைப்பட்டுக்கொண்டார். 2025 ஏப்ரலில் திறந்தது, நீ இன்னும் குடும்பத்தோடு வந்தபாடில்லை. பழைய பாலம் நடுவில் பிளந்து இரண்டு கை விரிக்குமே, இது அப்படி இல்லை, நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேரே மேலே போகிறது. கூட்டிக்கொண்டு வா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அத்தையைப் பார்த்தேன், முகம் வாடியிருந்தது. "ஏய்யா, அவனுக்கும் எனக்கும் என்ன சண்டை, பத்து நாளா ஒரு போன் இல்லையே" என்றார். நீ பேசாமல் இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். போனை வாங்கிப் பார்த்தேன். டவர் புள்ளி எல்லாம் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது, ஆனால் வேலிடிட்டி முடிந்து நாளாகிவிட்டது. முதலில் போகிற கால் நின்றிருக்கிறது, அப்புறம் வருகிற காலும் நின்றுவிட்டது. நீ திருப்பூரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மா போனை எங்கோ வைத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாய், அவர் இங்கே நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தினம் போனைத் துடைத்துத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ரீசார்ஜ் முடியப்போகிறது என்று கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்பத்தான் செய்தான், ஏழெட்டு மெசேஜ். அத்தை ஆங்கிலத்தில் வந்த மெசேஜை எப்போது படித்தார்?

அதனால்தான் நீ "859 பேக் போட்டுவிடட்டுமா, தினம் ஒன்றரை ஜிபி வருகிறது, 84 நாள்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கணக்குப் போட்டுப் பார், 84 நாளைக்கு 126 ஜிபி. அத்தை வைத்திருப்பது பட்டன் போன். அதில் ஒரு எம்பி கூட ஏறாது. அந்த நெட்டை என்ன, பானையில் பிடித்து வைக்கவா?

அத்தைக்கு வேண்டியது நாள், ஜிபி இல்லை. நீ கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும், காஸ் புக் பண்ணினால் நம்பர் வர வேண்டும், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ஏறினால் பேங்கிலிருந்து மெசேஜ் வர வேண்டும், ரேஷன் கடையில் ஓடிபி கேட்டால் வர வேண்டும். இவ்வளவுதான்.

இதற்கென்றே நெட் இல்லாத பேக் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற டிராய் ஆணையம் உத்தரவு போட்டது: பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது எல்லா கம்பெனியும் வைக்க வேண்டும், அந்த மாதிரி பேக்குகளுக்கு 90 நாள் என்று இருந்த உச்ச வரம்பையும் 365 நாளாக ஏற்றிவிட்டது. அடுத்த மாதமே எல்லாரும் கொண்டுவந்தார்கள். ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, ஒரு வருஷத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1,748. முதலில் இதைவிடக் கூட வைத்திருந்தார்கள், சத்தம் கிளம்பியதும் குறைத்தார்கள். இதெல்லாம் வந்தபோது இருந்த விலை, நீ போடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள், இவர்கள் விலை நம் நண்டு விலை மாதிரி, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று.

ஆனால் ஆப்பைத் திறந்தால் இது கண்ணில் படாது. மேலே பளபளவென்று 5ஜி, சினிமா, கிரிக்கெட் எல்லாம் சேர்த்த பேக்தான் நிற்கும். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால், நம் ஊர்ச் சந்தையில் நல்ல கருவாடு கூடைக்கு அடியில் கிடப்பது போல, ஒரு மூலையில் கிடக்கும். போன வாரம் என் மகளை விட்டுத் தேடச் சொன்னேன், அவளுக்கே கொஞ்ச நேரம் ஆனது.

மாதா மாதம் போட்டால் என்ன என்று நீ கேட்பாய். 2024 ஜூலையில் விலை ஏற்றியபோது ஏர்டெல்லின் 28 நாள் பேக் 199 ஆனது. 28 நாளை மாதம் என்று சொல்லித்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள், வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று தடவை போட வேண்டும். 13 தடவை 199 என்றால் 2,587. ஒரு வருஷ பேக் 1,849. மிச்சம் 738 ரூபாய். 84 நாள் பேக் நாலு போட்டாலும் 1,876 ஆகிறது, அதிலும் 336 நாள்தான் வரும். ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து இதைத்தான் நான் மூன்று நாளாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன், முதலாளி பார்த்துவிட்டுப் படகுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு போனார்.

பழைய காலம் ஞாபகம் இருக்கிறதா? 2006 வாக்கில் லைஃப்டைம் சிம் என்று 999 ரூபாய்க்கு விற்றார்களே, உன் சித்தப்பா வட்டிக்கு வாங்கி அதை வாங்கினார். ஒரு ரிங் விட்டு கட் பண்ணினால் ராமநாதபுரத்தில் பஸ் ஏறிவிட்டேன் என்று அர்த்தம், இரண்டு ரிங் என்றால் உச்சிப்புளி தாண்டிவிட்டேன் என்று அர்த்தம். பத்து ரூபாய் டாப்-அப்பில் ஒரு மாதம் ஓட்டினோம். 2018 கடைசியில் குறைந்தபட்சம் 35 ரூபாய்க்குப் போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்று கொண்டுவந்தார்கள், லைஃப்டைம் அதோடு முடிந்தது. 35 எப்படி 199 ஆனது என்று யாரும் கேட்கவில்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆவதற்கு எத்தனை போராட்டம், இதற்கு ஒரு கூட்டம் கூடப் போடவில்லை நாம்.

விலை மட்டும் பார்த்தால் இன்னும் கம்மிக்கும் வழி இருந்தது, மறைக்கவில்லை. ஜியோபாரத் என்று 2023-ல் ஒரு 4ஜி பட்டன் போன் 999 ரூபாய்க்கு விட்டார்கள், அதற்கு மட்டும் 28 நாளைக்கு 123 ரூபாய் பேக், தினம் அரை ஜிபியும் உண்டு. 13 தடவைக்கு 1,599. ஜியோ முழுக்க 4ஜி, 5ஜிதான், அத்தையிடம் இருக்கும் பழைய 2ஜி போனில் அந்த சிம்மைப் போட்டால் ஒன்றும் நடக்காது, போனையும் சேர்த்து மாற்ற வேண்டும். சொல்லிப் பார்த்தேன். அத்தை தன் போனை எடுத்துக் காட்டினார். எழுத்தெல்லாம் அழிந்து வெறும் ரப்பர், 5 மேல் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளி மட்டும் மிச்சம். கட்டைவிரலை அந்தப் புள்ளியில் வைத்து, அங்கிருந்து மேலே கீழே எண்ணி, கண்ணாடி போடாமலே உன் நம்பர் பத்தையும் அடித்துக் காட்டினார். அதற்கு மேல் நான் பேசவில்லை. புதுப் போன் வேண்டாம், விட்டுவிடு.

அடுத்தது டவர். அத்தையிடம் முன்பு இருந்த பழைய கம்பெனி சிம்முக்குத் தெருமுனையில் நன்றாக எடுக்கும், வீட்டுக்குள் வந்தால் ஒன்றும் இல்லை, அத்தை கிணற்றடிக்குப் போய் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டுதான் உன்னிடம் பேசுவார், உனக்குக் காக்கா சத்தம் கேட்டிருக்குமே. நானும் என் தம்பியும் வெவ்வேறு கம்பெனி சிம்மோடு போய் அடுப்படி, திண்ணை, படுக்கிற இடம் மூன்றிலும் நின்று கூப்பிட்டுப் பார்த்தோம். அடுப்படியில் ஏர்டெல்தான் தெளிவாக எடுத்தது. உன் வீட்டு ஓட்டுக்குக் கீழே அப்படி, பக்கத்துத் தெருவில் வேறு மாதிரி இருக்கலாம். பிஎஸ்என்எல்லும் யோசித்தேன், 2025 செப்டம்பர் 27-ல் நம் நாட்டிலேயே செய்த கருவிகளை வைத்து 4ஜி தொடங்கினார்கள், விலையும் கம்மி. இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நம்பரை மட்டும் மாற்றவே கூடாது என்று இருந்தேன். ஆதார், பேங்க், ரேஷன், காஸ் எல்லாம் அதில்தான் கட்டியிருக்கிறது. சும்மா விட்டுவிட்டால் கொஞ்ச நாள் கழித்து அதே நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அப்புறம் அத்தை பேங்க் மெசேஜை எவனோ படிப்பான். அதனால் ஏர்டெல்லுக்குப் போர்ட் பண்ணினோம், அதாவது நம்பர் அதேதான், கம்பெனி மட்டும் மாறும். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு கோட் வரும், அது நாலு நாள்தான் செல்லும். பழைய சிம்மில் மிச்சம் இருக்கும் காசும் நாளும் போய்விடும், அதனால் பேக் முடியப்போகும் சமயத்தில் செய்வதுதான் லாபம். நமக்கு எப்படியும் ஒன்றும் மிச்சம் இல்லை. எஸ்எம்எஸ் அனுப்பவே முதலில் பழைய சிம்முக்கு ஒரு ரீசார்ஜ் போட வேண்டியிருந்தது, அதை உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

கடையில்தான் பாடு. ரேகை வைக்கச் சொன்னால் அத்தை கட்டைவிரல் பதியவே இல்லை. முப்பது வருஷம் கடலில் பாசி எடுத்த கை, துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாறை விடுமா, ரேகையெல்லாம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. கடைத் தம்பி ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தான், இடது, வலது, மறுபடி இடது. கடைசியில் நடுவிரல்தான் பதிந்தது. "கடலு தின்ன மிச்சம்" என்று அத்தை சிரித்தார், அந்தத் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன்தான் முதல் ரீசார்ஜாக 199 போட்டான். மூன்று நாளில் மாறிவிட்டது. இனி 90 நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போக முடியாது, போகவும் வேண்டாம், இந்த நாலு நாள் மழையிலும் அடுப்படியில் எடுக்கிறது.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். அத்தை போனில் அப்பப்போ பத்து, முப்பது காணாமல் போகும் என்பாரே, அது எதுவும் திருட்டு இல்லை, எங்கோ விரல் பட்டு காலர் டியூன் ஏறியிருக்கிறது. இந்த மாதிரி ஒட்டிக்கொள்வதை நிறுத்த 155223 என்று ஒரு நம்பர் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள். அப்புறம் நீ பிள்ளைகளோடு வந்து தனுஷ்கோடி போனால், அரிச்சல்முனையில் உன் போனின் நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்துவிட்டு உன் கம்பெனியையே கையால் தேர்ந்தெடுத்து வை. போன வருஷம் விருந்தாளிகளைக் கூட்டிப்போனபோது என் போனுக்கு இலங்கைக்கு நல்வரவு என்று மெசேஜ் வந்தது, பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாடு போய் வந்தேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைத் தம்பி போட்ட 28 நாள் வரும் புதன்கிழமையோடு முடிகிறது. உன் போனிலிருந்தே யுபிஐயில் போட்டுவிடலாம், ஆப் ஓரிரு ரூபாய் கமிஷன் எடுக்கும், அது வேண்டாம் என்றால் பணத்தை எனக்கு அனுப்பு, நான் கடையில் போடுகிறேன். 84 நாளா, வருஷமா என்று நீயே முடிவு பண்ணு. என்னைக் கேட்டால் வருஷம். உனக்கு மறதி என்று சொல்ல வரவில்லை, ஆனால் உன் கல்யாண நாளையே நான்தான் ஞாபகப்படுத்துகிறேன். செவ்வாய்க்குள் சொல்.

அத்தையிடம் நீ கோபமாக இல்லை என்று நான் சொன்னேன், நம்பின மாதிரித் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், அப்போது கூப்பிடு. மழை விட்டதும் சீலாக் கருவாடு ஒரு கிலோ பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், போன தடவை மாதிரி டிரைவர் போன் அடிக்கும்போது எடுக்காமல் இருக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்
தங்கச்சிமடம்