ஆசிஃப் கரீமுக்காக ஒரு ஞாயிறு மாலை: நன்றி மடல்

வாசகர் வட்ட நண்பர்களுக்கும், இடமில்லாமல் புத்தக அலமாரியில் சாய்ந்துகொண்டே கடைசிவரை கேட்டவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு நம் கிளை நூலகத்தில் கென்யா கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் ஆசிஃப் கரீமைப் பற்றிப் பேசினேன். கைதட்டல் எனக்குக் கிடைத்தது. ஆனால் அன்று சொன்னதில் பாதிக்கு மேல் கடன் வாங்கிய சரக்கு. யாரிடம் வாங்கினேன் என்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

முதலில் நூலகர். "கென்யா கேப்டனா? தோனியைப் பற்றிப் பேசினால் கூட்டம் வருமே" என்று தயங்கியவர் அவர்தான். அப்புறம் நாற்காலி போதாமல் டீக்கடை பெஞ்சைத் தலையில் தூக்கி வந்தவரும் அவர்தான்.

வங்கியில் ஓய்வுபெற்ற நம் தெரு சாருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. 1998 மே 23 அன்று சேப்பாக்கத்தில், இந்தியாவும் சேர்ந்த முத்தரப்புத் தொடரில், கென்யாவுக்கும் பங்களாதேஷுக்கும் ஒருநாள் ஆட்டம். இந்தியா ஆடாத ஆட்டத்துக்கு, அதுவும் கத்திரி வெயிலில், யார் போவார்கள்? சார் போயிருக்கிறார். உடன் வேலை பார்த்தவர் டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் கொடுத்தாராம். அன்று கேப்டன் கரீம் 33 ரன்னுக்கு 5 விக்கெட். ஒருநாள் ஆட்டங்களில் அவருடைய சிறந்த பந்துவீச்சு நம் சென்னையில்தான் என்பது எனக்கே சார் சொல்லித்தான் தெரியும்.

அந்த மே மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 17ஆம் தேதி ஹைதராபாத்தில் கரீமின் அணி பங்களாதேஷிடம் தோற்றது. பங்களாதேஷுக்கு அதுதான் ஒருநாள் ஆட்டங்களில் முதல் வெற்றி. அப்படியொரு தோல்வியைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்தவர், ஆறே நாளில் அதே அணியை வீழ்த்தினார். அடுத்து 28ஆம் தேதி குவாலியரில் இந்தியாவையே 69 ரன்னில் தோற்கடித்தார்கள். கென்யாவின் மாரிஸ் ஒடும்பே அடித்த 83 ரன்னை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கொல்கத்தா இறுதி ஆட்டத்தில் டெண்டுல்கர் சதம் அடித்துக் கணக்கை நேர்செய்தார், அது வேறு கதை. பேச்சுக்கு நடுவே கரண்ட் போய் ப்ரொஜெக்டர் அணைந்தபோது, பையிலிருந்த சாத்துக்குடியை இடது கையில் எடுத்து, கரீமின் பந்து எப்படி விரலை விட்டுச் சுழன்று போகும் என்று சார் செய்து காட்டினாரே, நான் தயாரித்து வைத்திருந்த எல்லாப் படங்களையும் விட அதுதான் எடுபட்டது.

கல்லூரி மாணவி ஒருவர் என் குறிப்புகளை முன்கூட்டியே வாங்கிப் படித்தார். 2003 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன அணிக்கும் கரீம்தான் கேப்டன் என்று நான் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். "அங்கிள், அது ஸ்டீவ் டிக்கோலோ" என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார். மானம் காத்தவர்!

அந்தத் திருத்தத்தால் கதை இன்னும் நன்றாகத்தான் ஆனது. 1999 உலகக் கோப்பையில் கேப்டனாகப் போனவர் கரீம். ஆடிய ஐந்தும் தோல்வி. அதோடு ஓய்வு பெற்றார். நாலு வருஷம் கழித்து, 39 வயதில், தான் தலைமை தாங்கிய பையன்களுக்குக் கீழே சாதாரண ஆட்டக்காரராகத் திரும்பி வந்தார். இதற்கு மனசு வேண்டும். நம் தெரு டீமில் கேப்டன் பதவி போனவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மொம்பாசாவில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பிய என் அத்தானுக்கு நன்றி. கரீம் பிறந்த ஊர் அது. அவரோடு அத்தானுக்குப் பழக்கமெல்லாம் இல்லை. ஆனால் அங்கே கிரிக்கெட் கிளப்புகளில்தான் உயிர் வாழ்கிறது, ஆட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதையெல்லாம் அவர் சொன்ன பிறகுதான் கரீம் ஏன் இன்சூரன்ஸ் தொழிலில் இருந்தார் என்று புரிந்தது. டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்கும் கென்யாவுக்காக ஆடியவர் அவர். இதைச் சொன்னதும் அரங்கில் எழுந்த "அடேயப்பா" இன்னும் காதில் கேட்கிறது.

பி.டி. மாஸ்டருக்குத் தனி நன்றி. 2003 மார்ச் 15, டர்பன், உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுடன். பிரெட் லீயின் ஹாட்ரிக்கோடு தொடங்கிய ஆட்டம். கென்யா எடுத்தது 174. கில்கிறிஸ்ட் 43 பந்தில் 67 அடித்ததும் எல்லாம் முடிந்ததென்று நினைத்த நேரத்தில் கரீம் வந்தார். பாண்டிங் எல்பிடபிள்யூ. லேமன் கீப்பரிடம் கேட்ச். ஹாக் அடித்ததைத் தானே பிடித்தார். 8.2 ஓவர், அதில் 6 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 7 ரன், 3 விக்கெட். ஆஸ்திரேலியா ஜெயித்தது. ஆட்டநாயகன் கரீம். "தோத்த டீம் ஆளுக்கு எப்படி சார் குடுத்தாங்க?" என்று ஒரு பையன் கேட்டபோது நான் விழித்தேன். மாஸ்டர்தான் பதில் சொன்னார்: "தம்பி, அன்னிக்கு நீ ஸ்கோர் எழுதியிருந்தா கேட்டிருக்க மாட்டே. ஐம்பது பந்து, ஏழு ரன். பேனாவுக்கு வேலையே இல்ல."

கடைசியாக, மேலத்தெரு சித்தி. கணவர் வெட்டி ஒட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகளை அவர் போன பிறகும் பத்திரமாக வைத்திருந்து, நம்பி என் கையில் கொடுத்தார். அதில் 1999 பிரிஸ்டல் ஆட்டமும் இருந்தது. அப்பாவின் காரியத்தை முடித்துத் திரும்பி வந்த டெண்டுல்கர் 140 அடித்து வானத்தைப் பார்த்தாரே, அந்த ஆட்டம். அன்று அழாதவர்கள் நம்மில் குறைவு. எதிரணி கேப்டன் யார் என்று மட்டும் இத்தனை வருஷமாக நாம் யாரும் கேட்டதில்லை. கரீம்தான்.

துண்டுகளைத் திருப்பிக் கொடுக்க எண்ணிப் பார்த்தேன். அந்த பிரிஸ்டல் துண்டு மட்டும் குறைகிறது. ஆசையாகப் பார்க்க எடுத்தவர் யாராக இருந்தாலும் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள், பெயர் கேட்க மாட்டோம். சித்தி வரும் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.