ஆசிரியருக்கு: சாவி யாரிடம் இருந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸில் நடந்த திருட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசிக்கு முந்தின பத்தி வரை நன்றாகத்தான் போனது. அந்தப் பத்தியில், திருடியது வட கொரியா என்று தெரிந்த பிறகும் பணம் இழந்தவர்கள் உள்ளே இருந்தவர்களைச் சந்தேகப்பட்டுப் பேசிக்கொண்டிருப்பது வீண் வேலை என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். அதோடு விடவில்லை. பேராசைக்கு இது ஒரு பாடமாம்.

பேராசை என்று சொல்கிற தகுதி உங்கள் இதழுக்கு உண்டா என்று பார்க்க, பரணில் இருந்த பழைய இதழ்களை இறக்கினேன். 2021 தீபாவளி மலர், பின்னட்டைக்கு உள்பக்கம். சிரித்த முகத்தோடு ஒரு நடிகர், கையில் செல்போன், நூறு ரூபாய் இருந்தாலே பிட்காயின் வாங்கலாம் என்று முழுப்பக்க விளம்பரம். அப்போது பேராசை இல்லை போலிருக்கிறது, முதலீடாக இருந்திருக்கும். சரி, பத்திரிகை நடத்துகிற கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்.

நான் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர். 31 வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணியவன். அதனால்தான் அந்த 'வீண் வேலை' உறுத்துகிறது.

1994இல், எங்கள் கிளையில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயம், பெட்டகத்தில் நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. பத்தாயிரம் ரூபாய். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஜாயிண்ட் கஸ்டடி என்பார்கள். விதி அப்படி. நடப்பு என்னவென்றால், காலையில் மேனேஜர் மேஜை இழுப்பறையிலிருந்து தன் சாவியை எடுத்து, "நீங்களே திறந்துக்குங்க சார்" என்று நீட்டிவிடுவார். மாலையில் எண்ணிப் பார்க்க உள்ளே வரமாட்டார், ரிஜிஸ்தரை மட்டும் தன் மேஜைக்கு வரவழைத்துக் கையெழுத்துப் போடுவார். நானும் யோக்கியன் இல்லை. முந்தின நாள் மாலை கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், மேலே இருந்த கட்டுகளை மட்டும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் எண்ணியதாகக் கையெழுத்துப் போட்டேன். நீல மை, பாதி பெயர், கீழே ஒரு கோடு. அந்தக் கையெழுத்தைப் பிறகு விசாரணையில் என் முன்னால் வைத்தார்கள்.

எதிர் டீக்கடையில் ஆளுக்கு ஒரு திருடனைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எங்களுக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வைக்கிறவர் தலையில் விழுந்தது. அவர் ஸ்ட்ராங் ரூம் பக்கம் போனதே கிடையாது. இது எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அப்புறம் வேலைக்கு வரவில்லை. ஆடிட்டுக்கு வந்த அதிகாரி மட்டும் டீக்கடைப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எடுத்தவனைத் தேடுவது போலீஸ் வேலை, சாவி யாரிடம் இருந்தது என்று பார்ப்பதுதான் தன் வேலை என்றார். எனக்கும் மேனேஜருக்கும் ஆளுக்கு ஐயாயிரம். மாதம் 500 வீதம் பத்து மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். எடுத்தவன் இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் கிளையில் பணம் போட்ட ஒருவருக்குக்கூட ஒரு ரூபாய் குறையவில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். 2024 ஜூலை 18. போனது சுமார் 23 கோடியே 50 லட்சம் டாலர், நம் பணத்தில் 2,000 கோடியை ஒட்டி. (உங்கள் கட்டுரையில் 'மில்லியன்' என்றே போட்டிருக்கிறீர்கள். லட்சம், கோடி என்று எழுதச் சொல்லி 2019இல் ஒரு கடிதம் போட்டேன், கிடைத்திருக்காது.) காயின்கள் இருந்த அந்த டிஜிட்டல் பெட்டகத்துக்குச் சாவி, அதாவது கணினியில் கையெழுத்துப் போடுகிற ரகசியக் குறியீடு, ஆறு. ஐந்து வாசிர்எக்ஸ் ஆட்களிடம், ஒன்று பாதுகாப்புச் சேவை தந்த லிமினல் நிறுவனத்திடம். வாசிர்எக்ஸ்காரர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, பிறகு லிமினலும் போட்டால்தான் பணம் நகரும். அன்றைக்கு நான்கும் விழுந்திருக்கிறது. திரையில் தெரிந்தது வழக்கமான ஒரு பரிமாற்றம், உண்மையில் கையெழுத்தானது வேறொன்று, அது பெட்டகத்தையே திருடன் கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. இதை வாசிர்எக்ஸே சொல்லியிருக்கிறது. பார்க்காமல் போடுகிற இந்தக் கையெழுத்துக்கு அந்தத் தொழிலில் 'பிளைண்ட் சைனிங்' என்று பெயராம். படித்ததும் எனக்கு நீல மை ஞாபகம் வந்தது.

அப்புறம் நடந்ததும் டீக்கடைதான். திரையில் கோளாறு, அது லிமினலுடையது என்றது வாசிர்எக்ஸ். எங்கள் அமைப்பை யாரும் உடைக்கவில்லை, உங்கள் கணினிகளைப் பாருங்கள் என்றது லிமினல். வாசிர்எக்ஸ் தன் மூன்று மடிக்கணினிகளை மாண்டியன்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்திடம் காட்டி, பழுதில்லை என்று வாங்கிக்கொண்டது. லிமினல் கிராண்ட் தார்ன்டன் என்ற தணிக்கை நிறுவனத்திடம் காட்டி, தன் பக்கமும் பழுதில்லை என்று வாங்கிக்கொண்டது. இரண்டு வீட்டிலும் ஓட்டை இல்லை, பணம் மட்டும் இல்லை. 2025 ஜனவரி 14 அன்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் சேர்ந்து வட கொரியாவின் பெயரைச் சொன்னன. இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. இந்த இரண்டு நிறுவனங்களில் யாரும் திருடினார்கள் என்றும் சொல்லவில்லை. பியோங்யாங்கில் இருக்கிறவன் மேல் கேஸ் போட்டு மன்னார்குடிக்காரன் எதை வசூல் பண்ணுவான் என்பதுதான் என் கேள்வி.

பணம் போட்டவர்களிடம் முதலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனால் கட்டுரையில் காணோம். திருட்டு நடந்த பத்து நாளுக்குள், 55 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம், 45 சதவீதம் பூட்டி வைக்கப்படும், திருடுபோகாத காயின் வைத்திருந்தவர்களும் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டும் என்று ஒரு திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். பிறகு விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போய், வர்த்தகம் மறுபடி தொடங்க 2025 அக்டோபர் ஆனது. அதே அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவை நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு வாடிக்கையாளர் 2024 ஜனவரியில், அதாவது திருட்டுக்கு ஆறு மாதம் முன்பு, சுமார் 1.98 லட்சத்துக்கு எக்ஸ்ஆர்பி என்ற காயின் 3,532 வாங்கியிருந்தார். திருடுபோனது எத்தீரியம் வகை டோக்கன்கள், இது அதில் சேராது. கிரிப்டோ ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய பொருள் என்று நீதிபதி சொன்னார். சென்னையில் வந்த தீர்ப்பு, தமிழ்ப் பத்திரிகை, ஒரு வரி இல்லை.

2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் போனது. அதே மாதிரித் திரை ஏமாற்று, அமெரிக்க எஃப்பிஐ சொன்னதும் அதே வட கொரியா. ஆனால் அங்கே பணம் எடுப்பதை நிறுத்தவில்லை. கடனை உடனை வாங்கிச் சில நாளில் பள்ளத்தை நிரப்பினார்கள். திருடன் ஒருவனே என்றால் வாடிக்கையாளர் கதி ஏன் இரண்டு விதம்?

வீண் வேலை பற்றியும் ஒன்று. டோக்கியோவில் மவுன்ட் காக்ஸ் என்ற பிட்காயின் எக்ஸ்சேஞ்ச் 2014இல் மூழ்கியபோது 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். முதலாளி மார்க் கார்பெலஸ்தான் எடுத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. 2015இல் அவரைக் கைதும் செய்தார்கள். அங்கே காயின் இழந்தவர்களில் கிம் நில்சன் என்ற ஸ்வீடன்காரரும் ஒருவர். அவர் வாய்ப்பேச்சோடு நிற்காமல், பரிமாற்றப் பதிவுகளை வருஷக் கணக்கில் உட்கார்ந்து துருவினார். திருட்டு 2011இலேயே தொடங்கிவிட்டது, காயின்கள் பிடிசி-இ என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்ச் பக்கம் போயிருக்கின்றன என்று கண்டார். 2019இல் கையாடல் குற்றச்சாட்டிலிருந்து கார்பெலஸ் விடுதலை, கணக்கைத் திரித்ததற்கு மட்டும் தண்டனை. 2023இல் அமெரிக்கா இரண்டு ரஷ்யர்கள் மேல் குற்றச்சாட்டை வெளியிட்டது. சந்தேகப்பட்டுப் பேசியவர்களில் ஒருவர்தான் தடத்தைக் கண்டுபிடித்தார் ஐயா. எங்கள் தண்ணீர்க்காரருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியவில்லை. கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். வரி வாங்க மட்டும் ஆள் இருக்கிறது. நானும் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளலாம் என்று வேறொரு எக்ஸ்சேஞ்சில் ஐயாயிரம் போட்டேன். (ஐயாயிரம் எனக்கு ராசியான தொகை.) போட்டுவிட்டு, என் காயினின் சாவி எத்தனை, யார் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுடைய உதவிப் பெட்டியில் தட்டச்சு செய்து கேட்டேன். கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி என்று ஒரு பதில் வந்தது. கூடவே, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாசகர் கடிதப் பகுதியைக் காலே அரைக்கால் பக்கமாகச் சுருக்கிவிட்டீர்கள், இதை முழுதாகப் போட இடம் இருக்காது என்று தெரியும். கட்டுரைக்கு மேலே, முகம் தெரியாமல் தலைக்கு மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளின் படம் போட்டிருந்தீர்கள். இதற்கு முன் வந்த இரண்டு கட்டுரைகளுக்கும் அதே படம்தான். அடுத்த தடவை அதற்குப் பதிலாக ஒரு சாவிக்கொத்துப் படம் போடுங்கள். ஆறு சாவி தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
மன்னார்குடி.

பி.கு.: பெயரைப் போட வேண்டாம். அந்த ஐயாயிரம் விஷயம் வீட்டில் தெரியாது.