அரிவாளை வச்சு வாள் பழகாதீங்கப்பா

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். எங்க மண்டபம் பக்கம் சிலம்பம் சுத்துற பயலுக சிலபேரு வீடியோ பாத்துட்டு ஜப்பான்காரங்க வாள் உருவுற இயாய்டோ பழகுறோம்னு கடற்கரைக்கு அரிவாளோட வந்துடுறானுக, அதான் எழுதுறேன். மொதல்ல மரவாள் போதும்யா. வேகமெல்லாம் கடைசி சமாச்சாரம். முழங்கால மடக்கி உக்காரணும், சேய்சான்னு பேரு, மணல்ல உக்காந்தா கொஞ்ச நேரத்துலயே காலு மரத்துரும். உறையில இருக்குற வாளோட கூர் மேல பாத்து இருக்கணும், இடது கட்டைவிரல் பிடிக்கு முன்னால இருக்குற கைக்காப்பை லேசா தள்ளி விடும், வலது கை உருவுறப்பவே இடது கை உறைய பின்னால இழுக்கணும், இத மறந்துட்டுத்தான் எல்லாரும் பாதியில மாட்டிக்கிட்டு முழிக்கிறது. திருப்பி உறையில போடுறது நோட்டோ, கண்ணால பாக்காம போடணும், கூர் தட்டாத பழகுவாள்லயே முனை குத்தி எனக்கு ஒரு வாரம் வலை பின்ன முடியல (வீட்டுல கெடைச்ச திட்டு தனி). ஜப்பான் கெண்டோ (வாள்வீச்சு விளையாட்டு) சம்மேளனம் வகுத்த இயாய்டோ பழகு வரிசை மொத்தம் 12, நான் இன்னும் மொத வரிசை 'மாஏ'லதான் கெடக்கேன். எங்க சிலம்ப வாத்தியாரு பாத்துட்டு "கம்புலயும் இடுப்புதாண்டா பேசும்"னாரு.

அடுத்த தடவை வாள் படம் போட்டா உறைய புடிச்ச கையையும் சேத்துப் போடுங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மண்டபம்